ஒரே லென்ஸ், இரண்டு முறை

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் டெஸ்ட் பண்ணுகிற அவளுக்குப் பெயர் டெஸ்ட்டக்கா. பக்கத்து மருந்துக்கடைக்காரர் ஒருநாள் அப்படிக் கூப்பிடப்போய், தெருவே அதைப் பிடித்துக்கொண்டது. பெயரைக் கேட்டுச் சிரித்தபடி வருகிறவர்கள் அவள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்ததும் அடங்கிவிடுவார்கள். கனத்த உலோக ஃப்ரேமை மூக்கில் ஏற்றி, ஒரு கண்ணை மறைத்து, மற்ற கண்ணுக்கு முன்னால் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பாள்.

"இதுவா... இதுவா? எதுல எழுத்து தெளிவாத் தெரியுது?"

எந்த லென்ஸ் பவர் கூடியது என்று ஒருபோதும் சொல்லமாட்டாள். சொல்லிவிட்டால் எல்லாரும் அதைத்தான் கைகாட்டுவார்கள். இன்னொரு வேலையும் செய்வாள். போட்ட லென்ஸையே எடுத்து, தட்டில் ஒருமுறை 'டக்' என்று வைத்து, மறுபடி அதையே எடுத்துப் போடுவாள். வந்தவர் முகம் மலர்ந்துவிடும். "ஆ, இதுதாம்மா! இப்பத்தான் பளிச்சுனு இருக்கு" என்பார். பெரிய படிப்பு, சின்னப் படிப்பு வித்தியாசமெல்லாம் இதில் கிடையாது. டெஸ்ட்டக்கா சிரிக்கமாட்டாள். இவர் பதிலை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, இன்னும் நாலு தரம் கேட்கவேண்டும் என்று மனதுக்குள் குறித்துக்கொள்வாள்.

"பொய் சொல்றாங்களா?" என்று முதலாளி ஒருநாள் கேட்டார்.

"சேச்சே. மாத்திட்டேன்னு நம்பிட்டாங்க சார். நம்பிட்டா தெரியத்தானே செய்யும்."

இவ்வளவு தெரிந்தவள்தான். ஆனால் சாயங்காலம் கடைச் சாவியை முதலாளியிடம் கொடுக்கும்போது அந்தக் கெட்டிக்காரத்தனத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள் போலிருக்கிறது.

வீடு கூட்டுக்குடும்பம். மாமியார், இவளும் கணவனும், கொழுந்தனும் அவன் மனைவியும். ஓரகத்திகள் இருவரும் ஒருநாள் விட்டு ஒருநாள் சமையல். இவள் காலையிலேயே மதியச் சாப்பாட்டையும் முடித்து மூடி வைத்துவிட்டுக் கடைக்கு ஓடுவாள். சின்னவளுக்குத் துணிக்கடையில் பில் போடுகிற வேலை, மாலை ஷிஃப்ட். அதனால் அவள் முறை வந்தால் நிதானமாக, மாமியாரோடு பேசிக்கொண்டே சமைப்பாள்.

இந்த வருஷத் தொடக்கத்தில் அப்படி ஒரு சின்னவள் முறையன்று, மதியம் சாப்பிட்டு எழுந்த மாமியார் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். தலை சுற்றல். சில நாள் கழித்து மறுபடியும். அன்றும் சின்னவள் சமையல். டாக்டரிடம் போனார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, காது எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு குறையும் இல்லை என்றார் அவர். வீட்டில் எல்லாரும் நிம்மதியாக மூச்சு விட்டபோது டெஸ்ட்டக்காவுக்கு மட்டும் விஷயம் துலங்கிவிட்டது. உடம்பில் ஒன்றும் இல்லையென்றால் வேறென்ன? சாப்பாடுதான்.

அதன்பிறகு தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே விசாரணை ஆரம்பித்துவிடும். சின்னவள் சமைத்த நாளென்றால், "அத்தை, இன்னிக்குத் தலை சுத்துச்சா?" தான் சமைத்த நாளென்றால் இந்தக் கேள்வியே வராது. மாமியார் தானாக ஒருமுறை, "இன்னிக்கும் லேசா ஒரு மாதிரி இருந்துச்சுடி" என்றபோது, "வெயில் அப்படி அத்தை" என்று முடித்துவிட்டாள்.

எண்ணெயைத் தாராளமாக ஊற்றுகிறாள், பழையதைச் சூடு பண்ணிக் கலக்கிறாள், கையில் பக்குவம் இல்லை என்று காரணங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. நாத்தனாரிடம் போனில் சொன்னாள். சித்தியிடம் சொன்னாள். மாடி வீட்டு அம்மா கேட்காமலே அவரிடமும் சொன்னாள். மாமியாரே, "எனக்கும் இப்ப அப்படித்தான் தோணுது" என்று சொல்லத் தொடங்கினார். அது சுற்றிக்கொண்டு சின்னவள் காதுக்கு வர எத்தனை நாளாகும்? கொழுந்தன் அதிகம் பேசாத ஆள். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே, "வேற வீடு பாத்துட்டேன். இந்த மாசக் கடைசில போறோம்" என்றான். மாமியார் அன்று முழுக்க அழுதார். ஆனால் போகாதே என்று சொல்லவில்லை.

சாமான்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டிருந்த சமயத்தில் ஒருநாள் சின்னவள் கடைக்கு வந்து நின்றாள். பில் போடுகிற கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துத் தலைவலியாம்.

"வேற கடையே கிடைக்கலையா உனக்கு?"

"கிடைச்சுது. அங்க சரியாப் பாக்க மாட்டாங்க. உங்க மேல இருக்கிற கோவத்துக்கு என் கண்ணைக் கெடுத்துக்க முடியுமா?"

டெஸ்ட்டக்கா ஃப்ரேமை எடுத்து மாட்டினாள். இதுவா, இதுவா என்று வரிசையாகப் போய், வழக்கம்போல ஓர் இடத்தில் அதே லென்ஸை எடுத்து, தட்டில் தட்டி, அதையே போட்டாள்.

"இதுவா... இதுவா?"

சின்னவள் கழுத்தைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, திரும்ப விரித்துப் பார்த்தாள்.

"மறுபடி போடுங்க."

போட்டாள்.

"என்னக்கா, விளையாடறீங்களா? ரெண்டும் ஒண்ணுதானே?"

இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து அப்படிச் சொன்னவர்கள் மிகக் குறைவு. டெஸ்ட்டக்காவுக்குத் தன்னையறியாமல் ஒரு மரியாதை வந்தது. அது வந்ததில் எரிச்சலும் வந்தது. தன் தந்திரத்தைச் சொன்னாள். சின்னவள் ஃப்ரேமோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"ஊருக்கெல்லாம் இப்படிச் சோதிக்கிறீங்க. அத்தைக்கு என்னைக்குச் சோதிச்சீங்க? இன்னிக்கு யார் சமையல்னு அவங்களுக்குத் தெரிஞ்சப்புறம்தானே தலை சுத்துதான்னு கேக்கறீங்க?"

லென்ஸ் துடைக்கிற துணி டெஸ்ட்டக்கா கையில் அப்படியே நின்றது. ஆனால் அவள் தோற்றுப்போகிற ரகம் இல்லை.

"சரி, சோதிச்சிருவோம். எங்க கடை லீவு அன்னிக்கு உன் முறைதான் வருது. நான் சமைக்கிறேன். நீ சமைச்சதா இருக்கட்டும். அத்தைக்குத் தெரியக் கூடாது. அன்னிக்குத் தலை சுத்தலைன்னா நான் சொன்னதுதான் சரி."

"சுத்துச்சுன்னா?"

"சுத்தாது."

"சுத்துச்சுன்னாக்கா?"

"சுத்துச்சுன்னா, யார் யார்கிட்ட சொன்னேனோ அத்தனை பேருக்கும் நானே போன் போட்டுச் சொல்றேன், போதுமா?"

விடுமுறை நாள் வந்தது. தலைவலி, படுத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு டெஸ்ட்டக்கா அறைக்குள் போனாள். பின்பக்க வழியாகச் சுற்றிவந்து சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தன் வீட்டிலேயே திருடி மாதிரி பதுங்கவேண்டியிருக்கிறதே என்று அவளுக்கே சிரிப்பாக இருந்தது. கூடத்தில் சின்னவளும் மாமியாரும் வழக்கம்போல உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்கள். பருப்பில் கல் பொறுக்கினார்கள். சின்னவள் கீரையை உள்ளே கொண்டுவந்து கொடுப்பாள், கரண்டியால் நாலு சத்தம் செய்வாள், திரும்பக் கூடத்துக்குப் போய்விடுவாள். டெஸ்ட்டக்கா எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். உப்பு, உறைப்பு எல்லாம் அவள் கைக்கணக்கு. இதைச் சாப்பிட்டுத் தலை சுற்றினால் அப்புறம் உலகத்தில் யார் சமைத்தாலும் சுற்றும்.

மதியம் சின்னவள் பரிமாறினாள். டெஸ்ட்டக்கா அப்போதுதான் எழுந்துவந்தவள்போலக் கண்ணைக் கசக்கிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மாமியார் முதல் வாய் வைத்ததும் பெரிய மருமகள் பக்கம் சாய்ந்து, "எவ்வளவு சொன்னாலும் இவளுக்கு எண்ணெய் கொறையவே கொறையாதுடி" என்றார்.

டெஸ்ட்டக்காவுக்கு முதல் அடி அதுதான். தன் எண்ணெயை இவர் குறை சொல்கிறார்!

சாப்பாடு முடிந்தது. மாமியார் எழுந்தார். ஓர் அடி வைத்தார், கால் தயங்கியது, கை சுவரைத் தேடியது. "பாத்தியா! பாத்தியா! இந்தா சுத்துதே!" என்றார், குரலில் வேதனையை விட வெற்றி கூடுதலாக.

சின்னவள் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஒருவேளை இவள் பரிமாறியதாலோ, இல்லை கீரையிலே ஏதாவது இருந்ததோ என்று டெஸ்ட்டக்காவின் மனது தப்பிக்க வழி தேடி ஓடியது. ஓடிய மனதை அவளே பிடித்து நிறுத்தினாள். கடையில் எத்தனை பேர் முகத்தில் இதே ஓட்டத்தைப் பார்த்திருக்கிறாள்! எழுந்துபோய் மாமியாரின் கையைப் பிடித்தாள். கடையில் எதிரே உட்கார்ந்தவரைப் பார்ப்பதுபோல அவர் முகத்தைப் பார்த்தாள்.

மூக்கில் கண்ணாடி இருந்தது. போன வருஷக் கடைசியில் அவளே செய்துகொடுத்த கண்ணாடி. படிக்க, ஊசி கோர்க்க, கல் பொறுக்க மட்டும் போடவேண்டியது. கிட்டத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும். அதைப் போட்டுக்கொண்டு எழுந்து நடந்தால் தரை மங்கி மேலே ஏறி வரும். கடையில் ஒவ்வொருவரிடமும், "இதைப் போட்டுக்கிட்டு நடக்காதீங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்திருக்கிறது. மாமியாருக்கு மட்டும் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் கையில் திணித்துவிட்டு ஓடியிருந்தாள்.

மற்றது எல்லாம் ஒவ்வொன்றாகத் தன்னால் வந்து இடத்தில் உட்கார்ந்தது. டெஸ்ட்டக்காவின் முறையன்று மாமியாருக்கு ஒரு வேலையும் கிடையாது; எல்லாவற்றையும் முந்தின சாயங்காலமே சுத்தம் செய்து வைத்துவிடுவாள். கண்ணாடி பெரும்பாலும் பெட்டியிலேயே கிடக்கும்; வெயில் என்று தள்ளிவிட்ட அந்த ஒரு நாள் ஏதாவது படிக்க எடுத்திருப்பார். சின்னவள்தான் கிழவியைப் பக்கத்தில் உட்காரவைத்து வேலை கொடுப்பவள், பேச்சுக் கொடுப்பவள். போட்ட கண்ணாடியைக் கழற்ற மறந்து, உட்கார்ந்த இடத்திலேயே சாப்பிட்டு, அதைப் போட்டுக்கொண்டே எழுந்துவிடுகிறார்.

"அத்தை, உக்காருங்க. கண்ணாடியைக் கழட்டுங்க. இப்ப எந்திரிச்சு அந்தக் கதவு வரைக்கும் போங்க."

மாமியார் போனார். திரும்பி வந்தார். நேராக.

"இப்பப் போட்டுக்கிட்டுப் போங்க."

பாதி வழியிலேயே கை சுவரைத் தேடியது.

"இது என்னடி கூத்து? நீ செஞ்சு குடுத்த கண்ணாடியா என்னைத் தள்ளிவிடப் பாக்குது?"

"ஆமாத்தை. என் கண்ணாடிதான். இன்னிக்குச் சமையலும் என்னுதுதான்."

மாமியார் பெரியவளையும் சின்னவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் பிடியைக் கொஞ்சமும் தளர்த்தாமல், "எப்படியோ, எண்ணெய் ஜாஸ்திதான்" என்றார்.

டெஸ்ட்டக்கா சின்னவளிடம் மன்னிப்பு என்று எதுவும் கேட்கவில்லை. நேரே சின்னவள் அறைக்குப் போய், கயிறு கட்டியிருந்த ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சமையலறை நடுவில் வைத்தாள். "பிரி" என்றாள்.

"நாங்க போனாலும் போவோம், இருந்தாலும் இருப்போம்க்கா. அது நானும் அவரும் பேசி முடிவு பண்றது" என்றாள் சின்னவள். "ஆனா தலைசுத்தலைத் தலையில கட்டிக்கிட்டுப் போக மாட்டேன். முதல்ல போனைப் போடுங்க. எனக்குக் கேக்கணும்."

போட்டாள். சித்தியிடம் சொன்னாள், மாடிக்கு ஏறிப்போய் அந்த அம்மாவிடம் சொன்னாள். கடைசியாக நாத்தனார்.

"இல்லண்ணி, நீங்க என்ன சொன்னாலும் சரி. போன மாசம் வந்திருந்தப்ப எனக்கே தலை சுத்துச்சே!"

"சாப்பிட்டதும் சுத்துச்சா?"

"ஆமா, சாப்பிட்ட கையோட."

"அன்னிக்கு யாரு சமைச்சது?"

"சின்ன அண்ணிதான்... இருங்க, அவங்க அன்னிக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாங்கல்ல?"

"போயிருந்தா. நான்தான் சமைச்சேன்."

 நாத்தனார் தயக்கமில்லாமல் சொன்னாள்: "அப்ப உங்க சமையல்லதான் அண்ணி ஏதோ இருக்கு."

சமையலறையில் பெட்டியின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்த சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இருக்கலாம்" என்றாள் டெஸ்ட்டக்கா. "நீ அடுத்த வாரம் வா. ரெண்டு பேரும் சமைக்கிறோம். எது யாருதுன்னு மட்டும் சொல்ல மாட்டோம்."