பலேர்மோவின் சீன மாளிகையும் எங்கள் வீட்டுப் பட்டாபிஷேகமும்

போன ஏப்ரலில் ஐந்து நாள் இத்தாலியின் பலேர்மோவில் இருந்தேன். கடல் பார்க்கப் போனேன் என்று சொன்னால் பொய். எங்கள் குடும்பத்தில் ஒரு வாரிசுப் பிரச்சினை, அதைத் தீர்த்துவைக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பாரிஸில் முப்பது வருடமாக இருக்கிறேன். சொந்தக்காரர் சண்டையில் நடுவில் நின்று கதைப்பதற்கு எனக்கு நல்ல பெயர். ஒரே நாளில் முடித்துவிட்டு மிச்ச நாலு நாளும் ஊர் சுற்றலாம் என்றுதான் பெட்டி அடுக்கினேன்.

பலேர்மோவில் எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் வீட்டு வேலை செய்பவர்கள். வேலை செய்யும் இடத்தை 'வீடு' என்றே சொல்வார்கள். ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது அந்த வீட்டைச் சும்மா விட்டுப் போவதில்லை, சொந்தத்தில் யாருக்காவது கொடுத்துவிட்டுப் போவார். வீட்டுக்காரர்களும் தெரிந்த ஆளின் ஆள் என்றால் யோசிக்காமல் எடுப்பார்கள். என் அண்ணன் யூட் பொலிதேயாமா பக்கத்தில் ஒரு வயதான பேராசிரியரை இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் இரண்டும் போய்விட்டதால் ஜூலையில் மன்னாருக்குத் திரும்புவதாக இருந்தார். அந்த வீட்டை எங்கள் சித்தியின் மகள் மெரீனாவுக்குத் தருவதாக அண்ணன் சொல்லியிருந்தார். தன் தம்பி அன்ரனுக்குத் தருவதாக அண்ணி சொல்லியிருந்தார்.

அன்ரன் ஒரு மாதத்துக்கு முன்பே நேபிள்ஸில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து அண்ணி வீட்டில் இருந்தான். மெரீனாவின் நிலைமைதான் மோசம். அவள் வேலை செய்த வீட்டின் சிஞ்ஞோரா, வீட்டுக்கார அம்மா, தை மாதம் காலமாகிவிட்டார். அவளுடைய பெர்மெசோ, அதாவது தங்கும் அனுமதி, ஜூனில் முடிய இருந்தது. வேலை ஒப்பந்தம் கையில் இல்லாமல் குவெஸ்தூரா என்னும் பொலிஸ் தலைமையகத்தில் அதைப் புதுப்பிக்கப் போக முடியாது.

இனிப் பயணம். விமான நிலையத்திலிருந்து நகரம் 35 கிலோமீற்றர். பஸ்ஸுக்கு ஆறரை யூரோ கொடுத்தேன், ஐம்பது நிமிடத்தில் ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் இறக்கிவிட்டான். இடது பக்க ஜன்னலில் இருங்கள், பாதி வழி கடல்தான். அண்ணன் ஸ்டேஷன் வாசலில் நின்றார். அங்கிருந்து பொலிதேயாமாவுக்கு இரண்டு கிலோமீற்றர், நல்ல கால் இருந்தால் இருபத்தைந்து நிமிடம். எங்களுக்கு ஐம்பது நிமிடம் பிடித்தது.

"புரொஃபெசோரே என்ன சொல்லுறார்?" என்று நடக்கும்போது கேட்டேன்.

"அவருக்கு இன்னும் சொல்லேல்லை."

"என்னத்தைச் சொல்லேல்லை?"

"நான் போறதையே சொல்லேல்லை, பிள்ளை. எப்பிடிச் சொல்லுறது?"

குதிரை வாங்கும் முன் லாடம் வாங்கிய கதைதான். ஆனாலும் நான் அசரவில்லை. அடுத்த நாள் எல்லோரையும் இருத்தி என் தீர்ப்பைச் சொன்னேன்: ஆளுக்கு மூன்று நாள், ஞாயிறு ஓய்வு. அன்ரன் தலையாட்டினான். அண்ணிக்கும் சம்மதம். மெரீனா மட்டும், "அரை வேலை ஒப்பந்தத்துக்கு பெர்மெசோ தரமாட்டாங்கள் அக்கா" என்றாள். அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். பிறகு பயலாறோ சந்தைக்குப் போய் ஒரு அரஞ்சீனா சாப்பிட்டேன், இரண்டரை யூரோ. பொரித்த சோற்று உருண்டை, உள்ளே இறைச்சி. ஒன்று போதும், இரண்டு கேட்காதீர்கள்.

மூன்றாம் நாள் சனிக்கிழமை, புரொஃபெசோரே எங்களைச் சீன மாளிகைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு எண்பத்தாறு வயது, வாழ்க்கை முழுவதும் பழைய சீனச் சரித்திரம் படிப்பித்தவர். பொலிதேயாமாவிலிருந்து டாக்சிக்கு இருபத்திரண்டு யூரோ, அரை மணித்தியாலம். நேபிள்ஸிலிருந்து தப்பி ஓடிவந்த அரசர் ஒருவர் இருநூறு வருடத்துக்கு முன் கட்டிய மாளிகை அது. சீனாவைக் கண்ணால் காணாதவர்கள் கட்டியது என்று சிரிப்பதற்காகவே புரொஃபெசோரே வருடம் ஒரு முறை போவாராம். சாப்பாட்டு மேசையைக் கட்டாயம் பாருங்கள். கயிற்றை இழுத்தால் தட்டு கீழே சமையலறைக்கு இறங்கி, சாப்பாட்டோடு திரும்பி வருமாம். வேலைக்காரர் முகத்தைப் பார்க்காமலே அரசர் சாப்பிட்டு முடிக்கலாம். அண்ணன் அந்த மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "இது எங்கடை வீட்டிலை இருந்திருந்தால் என்ரை முழங்கால் தப்பியிருக்கும்" என்றார்.

வெளியே போட்டிருந்த நீள வாங்கில் உட்கார்ந்தோம். புரொஃபெசோரே இத்தாலியத்தில் ஒரு கதை தொடங்கினார். இரண்டு வசனத்துக்குப் பிறகு அண்ணன் எனக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்து, அவரை முந்திக்கொண்டே போனார். இருபத்திரண்டு வருடமாகக் கேட்ட கதை.

"சீனாவிலை சௌ எண்டொரு அரச வம்சம். ஒரு காலத்திலை பெரிய ஆக்கள், பிறகு சுருங்கிச் சுருங்கி ஒரு நகரமும் கொஞ்சக் காணியும்தான் மிச்சம். அதிலை ஒரு ராசா. முடிக்குரிய மகன் முதலே செத்துப்போனான். மற்ற மகன்மாரிலை சாவ் எண்டவனிலைதான் ராசாவுக்கு விருப்பம். அவனுக்குத்தான் முடி எண்டு மனசுக்குள்ளை வைச்சிருந்தார், ஊரறியச் சொல்லேல்லை. சொல்ல முதல் செத்துப்போனார்."

"பிறகு?"

"பிறகென்ன, மந்திரிமார் வேற ஒருத்தனை ஏத்தினாங்கள். இவன் விடேல்லை. கிழக்கை ஒரு ராசா, மேற்கை ஒரு ராசா. மிச்சமிருந்த சனமும் அதிலை அழிஞ்சுது. கடைசியிலை தோத்துப்போன சாவ், அரண்மனை ஏடெல்லாத்தையும் அள்ளிக்கொண்டு தெற்குப் பக்கம் ஓடிட்டான்."

ஆளுக்கு மூன்று நாள் என்று நான் கொடுத்த தீர்ப்பு நினைவுக்கு வந்தது.

புரொஃபெசோரே கைத்தடியை மடியில் வைத்தார். அண்ணனைப் பார்த்து மெதுவாகப் பேசினார். பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கு இத்தாலியம் பாதி விளங்கும், மீதியை அண்ணனின் முகத்தில் பார்த்தேன். "யூட், எப்போது சொல்வதாக இருக்கிறாய்? ஒரு மாதமாக இரண்டு பேர் மாறி மாறி எனக்கு மீன் குழம்பு கொண்டுவருகிறார்கள். நான் சரித்திரம் படிப்பித்தவன்." பிறகு கேட்டார்: "வீடு யாருக்கு என்று எல்லோரும் பேசுகிறீர்கள். என்னை யாரிடம் விட்டுப் போகிறாய்?"

அண்ணன் அழுதுவிட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இவ்வளவு தூரம் வந்து வீட்டைப் பங்கு போட்டேன், வீட்டுக்குள் இருக்கிற மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணன் இத்தாலியத்தில் பதில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழிலும் சொன்னார். "மெரீனாட்டைத்தான். போன மாரியிலை இவர் காய்ச்சலாக் கிடக்க, எனக்குக் காலும் ஏலாமல் போக, மூண்டு நாள் வந்து பக்கத்திலை இருந்தவள். அப்ப அவளுக்கு வேற வீடு இருந்தது. இந்த வீட்டை ஆரும் கேக்கேல்லை."

"அண்ணிக்கு?"

"நான்தான் சொல்லுவன். இண்டைக்கே சொல்லுறன்."

சொன்னார். அண்ணி இரண்டு நாள் எங்கள் யாரோடும் கதைக்கவில்லை. அன்ரன் அவ்வளவு மோசமில்லை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் புரொஃபெசோரே வீட்டுக்குப் போய், மீன் குழம்பு கொண்டுவந்த தன் சட்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு நேபிள்ஸ் கப்பல் ஏறினான். தோற்ற இளவரசன் ஏடுகளைக் கொண்டுபோனான், எங்கள் ஆள் சட்டியை.

போகிறவர்களுக்குச் சில விஷயம். பொலிதேயாமாவிலிருந்து துறைமுகம் பத்து நிமிட நடைதான், டாக்சிக்காரன் சொல்வதை நம்பாதீர்கள். நேபிள்ஸ் கப்பல் ஒரு இரவுப் பயணம், அறை எடுக்காமல் இருக்கை மட்டும் எடுத்தால் கழுத்துப் பிடிக்கும். சீன மாளிகை திறக்கும் நேரத்தை முதலே விசாரித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் நல்ல மாதம், பகலில் வெயில், மாலையில் ஒரு மெல்லிய சுவெற்றர் வேண்டும். எங்கள் ஆட்களுக்குத் தனியாக ஒன்று: வீட்டை யாருக்குக் கொடுத்தாலும், முதலில் வீட்டில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.

அண்ணன் இப்போது மன்னாரில் இருக்கிறார். போன கிழமை மெரீனா போன் எடுத்தாள். பெர்மெசோ புதுப்பித்துவிட்டதாம்.

"நேற்று புரொஃபெசோரே அந்தச் சீன ராசாவின்ரை கதையைத் தொடங்கிட்டார் அக்கா. யூட் அண்ணை இருபத்திரண்டு வருசம் கேட்டவராம். நானும் அவ்வளவு காலம் கேக்கோணுமோ?"

அவருக்கு எண்பத்தாறு வயது.

"கிடைச்சால் கேள், பிள்ளை" என்றேன்.