ரிலீவர் வராத சீட்டு

என் மகன் மதிவாணன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓட்டுகிறவன். பன்னிரண்டு வருஷமாகக் கான்ட்ராக்ட். முதல் ஷிப்ட் முடிந்து மதியம் வடக்குத்து ஊரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தால், காதுமடலில் ஒட்டிய கரித்தூளைக்கூடக் கழுவாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவான். அங்கே அவனுக்கு இன்னொரு வேலை. அதற்குச் சம்பளமே கிடையாது.

அது என்ன வேலை என்று நான் அவனை நச்சரித்துத் தெரிந்துகொண்டேன். திரையில் ஜன்னல், பொத்தான், பெட்டியெல்லாம் வரைந்து கொடுக்க ஒரு மென்பொருள் இருக்கிறதாம். யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், திருத்தவும் திருத்தலாம். ஆனால் அதை எழுதியது ஒரு கணினி மொழியில், மதிவாணன் எழுதுவது வேறு மொழியில். மோட்டாரையும் பெல்ட்டையும் சேர்க்கிற கப்ளிங் மாதிரி நடுவில் ஓர் இணைப்பு வேண்டும். அதற்குப் பைண்டிங் என்று பெயர். அதில் கோளாறு வந்தால் சரிசெய்து அனுப்புவான் இவன்.

என் மருமகள் இசைப்பிரியா தையல் கடை வைத்திருக்கிறாள். அங்கே பெயரைத் தட்டினால் இருநூறு பேருடைய ரவிக்கை அளவும் திரையில் வரும். அந்த ஜன்னலை மதிவாணன் எழுதியது இந்தப் பைண்டிங்கை நம்பித்தான்.

2014 சித்திரையில் ஒரு கடிதம் வந்தது. அந்தப் பைண்டிங்குக்குப் பொறுப்பாக இருந்தவர் யோகான் என்று ஒரு பனிதேசத்துக்காரர். ஒன்பது வருஷம் பார்த்துவிட்டேன், இனி என்னால் முடியாது என்றார். மாதக் கடைசிக்குள் வேறு யாரும் பொறுப்பேற்காவிட்டால் இதையே நீக்கிவிடுவோம் என்று எல்லாருக்கும் பொதுவாக எழுதியிருந்தார். நீக்கிவிட்டால் அடுத்த முறை கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கும்போது கடை ஜன்னல் திறக்காது.

வேண்டிய திருத்தங்களையெல்லாம் மதிவாணன் எழுதி முடித்துவிட்டான். ஆனால் அனுப்பவில்லை. மூன்று வாரம் ஓடிவிட்டது, மிச்சம் இரண்டே நாள்.

"எழுதனத வச்சிகினு ஏங்க சும்மா உக்காந்துகினு இருக்கீங்க?" என்றாள் இசைப்பிரியா.

"அவுரு எங்கிட்ட ஒப்படைக்கலியே."

நான் உடனே அவன் பக்கம் சேர்ந்துகொண்டேன். சுரங்கத்தில் அதுதானே முறை? போகிறவன் எழுந்து நின்று, எது ஓடுகிறது, எது நிற்கிறது, எந்த உருளை சத்தம் போடுகிறது என்று சொல்ல வேண்டும். அதைக் கேட்டபிறகுதான் அடுத்த ஷிப்டுக்கு வருகிற ரிலீவர் சீட்டில் உட்காருவான். கேட்காமல் உட்கார்ந்தால் மரியாதை கெட்டவன். பெல்ட் அறுந்தால் பழியும் அவன் தலையில்தான்.

"அடுத்தவன் சீட்ல கேக்காம போயி குந்தச் சொல்றியா என் புள்ளைய?" என்றேன்.

"அத்தே, அந்த மனுசன் மூணு வாரமா எழுந்து நின்னுகினு இருக்காரு. ரிலீவருதான் வரல. ஷிப்டு முடிஞ்சும் வூட்டுக்குப் போவ முடியாம நின்னா உங்க புள்ள எப்பிடிக் கத்துவாரு?"

மதிவாணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். ரிலீவர் பத்து நிமிஷம் பிந்தினாலே சுரங்கக் கேட்டிலிருந்து வீடு வரைக்கும் திட்டிக்கொண்டு வருகிறவன் அவன்.

"ஐயையோ! நாந்தான் லேட்டா?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டான்.

திருத்தங்களோடு ஒரு கடிதமும் அனுப்பினான். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டேன். தாமதத்துக்கு மன்னிப்பு. நான் உங்கள் ரிலீவர். எது ஓடுகிறது, எது நிற்கிறது, எது சத்தம் போடுகிறது? சொல்லிவிட்டு நீங்கள் வீட்டுக்குப் போகலாம். அவ்வளவுதான்.

மறுநாள் மதியம் பதில் வந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் தன்னிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை என்று எழுதி, மூன்று பக்கத்துக்கு எல்லாக் கோளாறும் சொல்லியிருந்தார் அந்த யோகான். பைண்டிங் தப்பியது. பொறுப்பாளர் என்று என் பிள்ளை பெயரும் ஏறியது.

கம்ப்யூட்டரைப் புதுப்பித்த அன்று கடைக்கு நானே போய் உட்கார்ந்துகொண்டேன். இசைப்பிரியா என் பெயரைத் தட்டினாள். ஜன்னல் திறந்தது. மார்பளவு முப்பத்தாறு.

"பழைய அளவு அத்தே. டேப்ப எடுக்கட்டுமா?"

"ஒண்ணும் வேணாம். கம்ப்யூட்டரு சரியாத்தான் சொல்லுது," என்றேன். "அது கெடக்கட்டும். கடசில அந்தாளு எல்லாத்தயும் சொல்லி ஒப்படச்சிட்டுத்தான போனாரு? அப்ப நான் சொன்னதுதான சரி?"

அவள் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.