விளக்கி வைத்த தங்கக் காசு

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த அந்த ஒல்லியான மனிதர், பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தங்கக் காசுகளைச் சேர்ப்பவர். புழக்கத்துக்கு விடாமல், மாதிரிக்காகவே அச்சடித்த, கண்ணாடிபோல் மின்னும் அபூர்வக் காசு ஒன்று அவரிடம் இருந்தது. துணியால் துடைத்தாலே கீறல் விழும், விரல் பட்டால் கறை படியும் என்று கையுறை போட்டு விளிம்பைப் பிடித்துத்தான் எடுப்பார்.

மலை எஸ்டேட்டில் வேலை பார்த்த நான் அந்தக் காசைப் பார்க்கப் போன அன்று அவர் மனைவியே அதைக் கொண்டுவந்து நீட்டினார். “நீங்க வர்றீகன்னு சொன்னாரு. பழைய காசாச்சேன்னு சாம்பல் போட்டு வெளக்கி வச்சேன்.”

காசு முழுக்கக் கீறல். பக்கத்தில் நின்ற வியாபாரியின் முகம் வெளிறிவிட்டது.

“நல்லாத்தான் வெளக்கியிருக்க” என்றார்.

அந்த அம்மா உள்ளே போனதும், “ஏண்ணே சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா, அப்பறம் இந்த வீட்டுல எதைத் தொடவும் பயப்படுவா தம்பி.”

எஸ்டேட்டுக்குத் திரும்பும் ஜீப்பில் வழிநெடுக அவர் நினைப்புதான். நானாக இருந்தால் கத்தியிருப்பேன்.