த்ரீ கிங்ஸில் அப்பாவின் வாக்கு

அந்தத் தேர்தல் சனிக்கிழமை காரில் அப்பா, அம்மா, நான் மூவரும் இருந்தோம். தங்கச்சி வரவில்லை. நகரின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ரானுயிக்கு வீடு மாறிய கையோடு அவளும் நானும் வாக்காளர் பட்டியலில் விலாசத்தை மாற்றியிருந்தோம். முன்கூட்டியே பக்கத்து ஹெண்டர்சனில் வாக்கும் போட்டுவிட்டோம். "உங்களுக்கெல்லாம் பைத்தியம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் காரோட்டப் போனேன்.

போனது த்ரீ கிங்ஸுக்கு. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வாடகைக்கு இருந்த இடம். வாடகை எங்கள் கைக்கு எட்டாமல் போனபோது, இரண்டு வருடங்களுக்கு முன், ரானுயிக்குப் போனோம். அப்பா மட்டும் தன் விலாசத்தையும் அம்மாவுடையதையும் மாற்ற விடவில்லை. யாழ்ப்பாணத்தில் சண்டைக்காலத்தில் எங்கே ஓடிப்போய் இருந்தாலும் அவர்களுடைய வாக்கு சொந்த ஊர்ப் பதிவில்தான் இருந்தது. இங்கேயும் அப்படித்தான் என்று அவர் நினைத்திருந்தார்.

"நாங்கள் இடம்பெயர்ந்து இருக்கிறம், அவ்வளவுதான். வாடகை இறங்கத் திரும்பிப் போவம்."

அதனால் ரானுயி வீட்டின் முன் சன்னலுக்குத் திரைச்சீலையும் வாங்கவில்லை. தற்காலிக வீட்டுக்கு எதற்கு என்பார். பழைய பெட்சீட் ஒன்று ஆணியில் தொங்கியது. தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி அம்மா ஓய்ந்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். படிப்புக்காக த்ரீ கிங்ஸ் பகுதியின் வாக்கு முடிவுகளைத் தேர்தல் தேர்தலாக எடுத்து வரைபடம் போட்டிருந்தேன். நாங்கள் வாக்குப் போடும் பள்ளிக்கூட மண்டபம் ஒரு காலத்தில் முழுச் சிவப்பு, அப்பாவின் கட்சி நிறம். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றக் கட்சியின் நீலம் ஏறி, போன முறை சிவப்பை முந்திவிட்டது.

"கன சனம் எங்களைப் போல வாடகை குடுக்க ஏலாமல் போட்டுது, அப்பா. மிச்சம் இருந்ததில வீடு வாங்கின ஆக்களும் மாறிட்டினம்," என்றேன்.

"அதுக்குத்தான் போறன். நானும் விட்டா ஆர் இருக்கினம்?"

"இஞ்சாருங்கோ, உங்கட ஒரு வோட்டால வாடகை இறங்குமோ?" என்றார் அம்மா பின் இருக்கையிலிருந்து.

"ரெண்டு வோட்டு. நீரும் போடுறீர்தானே?"



மண்டப வரிசையில் எங்கள் பழைய பக்கத்து வீட்டு அன்ரி நின்றார். தமிழ்நாட்டுக்காரர். அவரும் வாடகைக்கு இருந்து, பிறகு அந்தத் தெருவிலேயே வீடு வாங்கியவர்.

"அட, அண்ணா! ரானுயில இருந்தா வரீங்க? எதிர் ரோட்டுல இருந்து வரவே எனக்குச் சோம்பலா இருக்கு!"

"வீடு வாங்கினாப் பிறகு நிறம் மாறிட்டியளாம்?" என்றார் அப்பா.

"ஐயோ, இன்னைக்கு அதெல்லாம் பேசக் கூடாதுண்ணா, சட்டம்! நீங்க ஒரு மார்ட்கேஜ் கட்டிப் பாருங்க, அப்புறம் கேளுங்க." சிரித்துவிட்டு, கொஞ்சம் தயங்கினார். "உங்க வீட்டை இடிச்சுட்டாங்கண்ணா. தெரியும்ல? ஆறு டவுன்ஹவுஸ் வருது."

அப்பா "ஓம், ஓம்" என்றார். அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்தது.

மேசையில் இருந்த பெண் பட்டியலில் அவர் பெயரைக் கண்டுபிடித்து, இப்போதும் இதே விலாசம்தானா என்று கேட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் வரிசை நகராமல் நின்றது.

"நோ," என்றார் அப்பா. "ரானுயி."

இருவருக்கும் விலாசம் மாறியவர்களுக்கான தனிப் படிவம் வந்தது. அப்பா புதிய விலாசத்தைத் தன் கையாலேயே எழுதினார். தெருப் பெயரின் எழுத்துகளை மட்டும் என்னிடம் கேட்டுக்கொண்டார்.

திரும்பும்போது எங்கள் பழைய தெரு வழியாகப் போகட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், நேரே விடு," என்றார். ஹெண்டர்சன் வந்ததும், "தம்பி, அந்தத் திரைச்சீலைக் கடைப் பக்கம் திருப்பு," என்றார்.

கடையில் அம்மா முதலில் நீலத் துணியைத் தொட்டார்.

"நீலம் வேண்டாம்," என்றார் அப்பா.

"சிவப்பும் வேண்டாம். வெயிலுக்கு வெளிறிப் போகும்," என்று சொல்லி, அம்மா மண் போன்ற கபில நிறத்தில் எடுத்தார். கம்பியோடு சேர்த்து நூற்று முப்பத்தாறு டொலர்.