வாடாத புல்

அந்தக் கண்ணாடித் தொட்டியைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். நாமக்கல் சாலையோரம் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த கல்லூரியில், தாவரவியல் துறை வாசலிலேயே இன்னும் இருக்கிறது. உள்ளே இருக்கும் புல் பச்சைப்பசேலென்று நிற்கிறது. அது வாடாது. ஏன் வாடாது என்பது எனக்குத் தெரியும். அதை அங்கே வைத்த மனிதரையும் தெரியும்.

அவர் எங்கள் துறைத்தலைவர். ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலைக்காரர் வீட்டுப் பிள்ளை. கடலை அவர் பார்த்ததெல்லாம் ராமேஸ்வரத்தில் தலைமுழுகியபோதுதான். கடற்புல்லுக்கு வேருண்டு, பூவுண்டு, மணலுக்குள் படரும் தண்டுண்டு என்று நான் எத்தனை முறை சொன்னாலும், வருகிறவர்களிடம், "நம்ம பாப்பா பாசி வளக்குதுங்க" என்பார். பாசியாம்! பாப்பாவாம்! எனக்கு அப்போது இருபத்தாறு வயது.

பாக் நீரிணையில் அனுமதி வாங்கி, மணலோடு பெயர்த்து, ஈரச் சாக்கில் சுற்றிப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து அந்தத் தொட்டியில் நான் நட்ட கடற்புல் அது. கடல் சூடேறி இலைகளை இழந்த புல், சூடு தணிந்தால் மீண்டும் துளிர்க்குமா என்பதுதான் என் ஆய்வு. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் தண்ணீரைச் சூடாக்க நான் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. இலைகள் பழுத்து உதிர்ந்தன. அது சாவு அல்ல. தண்டில் சேர்த்துவைத்த மாவைக் கொண்டு புல் காலம் தள்ளுகிறது. சூடு நீண்டுகொண்டே போனால் அந்தச் சேமிப்பும் தீர்ந்துவிடும். சமயத்தில் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும். எங்கள் காட்டுக் கோரைகூட மேலே காய்ந்தாலும் கீழே உயிரை வைத்திருக்கும். மாவு மண்ணுக்கடியில்தான் இருக்கும் என்று மரவள்ளிக் குச்சிக்கிழங்கு அரைத்துப் பிழைத்த குடும்பத்துக்குத் தெரியாதா? அவருக்குத் தெரியவில்லை.

நான் தண்ணீரைக் குளிர்விக்கத் தொடங்கிய வாரத்தில் கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக்குழு வருவதாகக் கடிதம் வந்தது.

"ஏம்மா, செத்த புல்லுக்கு எதுக்கு இன்னும் தண்ணி மாத்திட்டிருக்கறே?" என்றார்.

"இன்னும் பதினஞ்சு நாள் விடுங்க சார். கெழங்காட்டத் தண்டு உள்ள உசுரோட இருக்குதுங்க."

"கெழங்கா? அவிச்சுத் திங்கறதுக்கா?" தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வளைகாப்புக்குப் பள்ளிபாளையம் போய்விட்டுத் திங்கள் காலை வந்தேன். தொட்டியில் பிளாஸ்டிக் புல். சேலத்தில் வண்ணமீன் கடையில் வாங்கியதாம். முன்னால் ஓர் அட்டை: ‘வெப்பத்தைத் தாங்கும் கடற்புல்.’ அதன் கீழே வழிகாட்டி என்று அவர் பெயர், கடைசி வரியில் ஆய்வாளர் என்று என் பெயர். "இப்பப் பாரு, எவ்ளோ அம்சமா இருக்குது!" என்றார். குரங்கு கையில் பூமாலை என்று சொன்னால் குரங்குக்குத்தான் அவமானம்.

கட்டடத்தின் பின்னாலிருந்த குப்பைமேட்டில் என் மணலைத் தேடிக் கிளறினேன். வெயிலில் சுருண்டுகிடந்த ஒரு தண்டின் கணுவில், நகக்கண் அளவுக்கு வெள்ளைத் துளிர். கருகியிருந்தது. தொட்டிக்குள் இருந்தபோதே துளிர்த்திருக்கிறது! அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். கொண்டுபோய்க் காட்டினேன். "இத்தினியூண்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்டுவிட்டு ஆய்வுக்குழுவை வரவேற்கப் போனார். மறுபடி தொடங்க எனக்குத் தெம்பில்லை. இப்போது ஆத்தூரில் பள்ளி ஆசிரியை.

அவர் மாலை மரியாதையோடு ஓய்வுபெற்றுவிட்டாராம். தொட்டியில் தண்ணீர் வற்றி எத்தனை மாதமோ, அடியில் உப்புக்கோடு படிந்திருக்கிறது. அதற்குள்ளும் அந்தப் புல் பச்சையாகவே நின்றது. அட்டையின் கடைசி வரியை மட்டும் கிழித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். அவர் பெயரை விட்டுவிட்டேன். அது அந்தப் புல்லோடு இருக்க வேண்டியதுதான்.