பந்தலில் நிறம் திரும்பிய முதல் பழம்

என் மகள் ரோஸ்லினின் இடது கண்ணை எடுத்துவிடுவார்களோ என்று நான் கதறிய நாட்கள் உண்டு. தேவாரம் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்துப் பிழைக்கிற குடும்பம் எங்களுடையது. அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை.

அவளுக்கு அப்போது நான்கு வயது. இடது கண் லேசாக ஓரம் போகும். "மாறுகண்ணு அதிர்ஷ்டம்த்தா, விடு" என்றார் என் நாத்தனார். நாங்களும் பெருமையாகத்தான் இருந்தோம். போன கிறிஸ்துமஸுக்கு அவளைக் குடில் முன்னால் நிறுத்திப் போனில் படம் எடுத்தேன். பிளாஷ் வெளிச்சத்தில் வலது கண்மணி படத்தில் சிவப்பாக விழுந்தது, இடது கண்மணி வெள்ளையாக இருந்தது. திரும்ப எடுத்தாலும் அப்படியேதான். போனில் தேடினால் புற்றுநோயாக இருக்கலாம் என்று வந்தது. அதற்குமேல் வாசிக்க எனக்குத் தைரியமில்லை.

மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினோம். ஆண்டிபட்டி வரைக்கும் செபமாலை சொன்னேன். அதற்குப் பிறகு சண்டைதான். நான் வாயாடி, ஆண்டவரிடமும் அப்படித்தான். "நீரும் ஒரு தாய் பெத்த பிள்ளைதான? பிள்ளைக்கு ஒண்ணுன்னா எப்படி இருக்கும்னு உம்ம தாய்கிட்டக் கேட்டுப் பாரும்" என்றேன்.

புற்றுநோய் இல்லை என்று சொன்னார்கள். எனக்கு உயிர் திரும்பி வந்தது. கண்ணிலிருந்து மூளைக்குப் போகிற நரம்பு, அவள் வயிற்றில் இருக்கும்போதே சரியாக உருவாகாமல் புனல்போலக் குழிந்துவிட்டதாம். அதனால்தான் படத்தில் வெள்ளை விழுந்ததாம். அபூர்வமாகத்தான் இப்படி வருமாம். மூளை ஸ்கேனில் குறையில்லை. நரம்பைச் சரிசெய்ய வழியில்லை, ஆனால் நல்ல கண்ணைத் தினமும் கொஞ்ச நேரம் மூடிவைத்தால் மற்ற கண் பார்க்கப் பழகலாம், பழகாமலும் போகலாம் என்றார் டாக்டர்.

அது பெரும் பாடு. பிளாஸ்திரியைப் பிய்த்து எறிவாள், கதவில் முட்டிக்கொள்வாள். பட்டப்பகலில், "அம்மா, லைட்டைப் போடு" என்று அழுவாள். தவக்காலம் முழுக்க ஒரே செபம்தான். நரம்பு எப்படியும் இருக்கட்டும், பார்வையை மட்டும் கொடும் என்று கேட்டேன்.

ஈஸ்டர் முடிந்து ஒரு காலை, காய் நிறம் திரும்பிவிட்டதா என்று பார்க்கப் பந்தலுக்குள் போனோம். ரோஸ்லின் என் இடுப்பில் இருந்தாள், நல்ல கண்ணில் பிளாஸ்திரி. என் வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, எல்லாம் பச்சைதான், இன்னும் நாளாகும் என்றார்.

"அங்கன ஒரு பழம் கறுப்பா இருக்குப்பா" என்றாள் ரோஸ்லின்.

அவள் முகத்துக்கு மேலேயே தொங்கிய குலையில், பச்சைக் காய்களுக்கு நடுவே ஒன்று மட்டும் கறுத்திருந்தது.

"நல்ல கண்ணு மூடித்தான இருக்கு? தொட்டுப் பாரு" என்றார் அவர். பிளாஸ்திரியைச் சுற்றிலும் தடவிப் பார்த்தேன். இறுக்கமாகத்தான் ஒட்டியிருந்தது. திருவிழாவுக்கு மட்டும் கோயில் பக்கம் வருகிற மனிதர், அந்த ஈர மண்ணிலேயே மண்டியிட்டு அழுதார்.

முன்பு அந்தக் கண்ணால் டாக்டர் காட்டிய விரலைக்கூடச் சொல்லாதவள், அடுத்த முறை பலகையில் இருந்த பெரிய படங்களைச் சொன்னாள். பொடி எழுத்து அந்தக் கண்ணுக்குத் தெரியாது. பிளாஸ்திரியும் தொடர்கிறது. கிடைத்ததற்கே எனக்கு ஆயுசு முழுக்க நன்றி சொல்ல வேண்டும்.

அந்த அறுப்பின் முதல் குலையைக் கோயிலுக்குக் காணிக்கையாக அவளிடம்தான் கொடுத்தனுப்பினோம். வலது கண்ணை மூடியபடியே, எதிலும் இடிக்காமல், பீடம் வரைக்கும் தனியாக நடந்து போனாள் என் மகள்.

சகோதர சகோதரிகளே, பிள்ளையின் கண் ஓரம் போனால் அதிர்ஷ்டம் என்று இருந்துவிடாதீர்கள். டாக்டரிடம் கூட்டிப் போங்கள். வழியெல்லாம் செபியுங்கள். அழுகையோ சண்டையோ, வாயில் வருவதைச் சொல்லிக் கேளுங்கள். என் ஏச்சையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் ஆண்டவர் என் பிள்ளைக்குக் கண் கொடுத்தார்.