அண்ணன் காரின் மூன்று கோடுகள்

மண்ணெண்ணெயும் ஈரச் சுண்ணாம்பும் கலந்தாற்போல ஒரு வாசனை. அம்பத்தூர்ப் பக்கம் காருக்கு மெருகு போடும் கடைகளைத் தாண்டும்போது அது மூக்கில் ஏறினால் உடனே கார்க் கண்ணாடியை ஏற்றிவிடுவேன். அம்மா பக்கத்தில் இருந்தால் எனக்கு முன்பே அவள் ஏற்றியிருப்பாள். ‘ரப்பிங் காம்பவுண்டு’ என்று டப்பாவில் விற்கும் சாம்பல் நிறப் பசையின் வாசனை அது. நான் ஒன்பதாவது படித்த அந்த வருஷம் முழுக்க எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் இந்த வாசனைதான். கறிக்குழம்பு வைக்கிற மனசு யாருக்கும் இல்லை.

அப்பா ஆவடியில் ராணுவத்துக்குச் சாமான் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் மெருகு போடும் பிரிவில் இருந்தார். சுழலும் துணிச் சக்கரத்தில் பித்தளையையும் எஃகையும் நாளெல்லாம் பிடித்துப் பழகிய கை, வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது; குத்துவிளக்கு, செம்பு, கதவுத் தாழ்ப்பாள் என்று எதையாவது தேய்த்துக்கொண்டே இருப்பார். “பளபளப்பு எங்கயோ இருந்து வராது, உள்ளதான் இருக்கு. தேய்க்கத் தேய்க்க வரும்” என்பது அவர் ஓயாமல் சொல்வது. குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டு விளக்கைப் பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் வீட்டுக்காரரைத் திட்டாத பெண்கள் இல்லை.

என்னைவிட வயதில் நிறைய மூத்த அண்ணன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை கிடைத்த கொஞ்ச நாளில், யாரிடமும் ஒரு வார்த்தை கேட்காமல் பழைய சிவப்புக் கார் ஒன்றை ஓட்டிவந்து வாசலில் நிறுத்தினான். எங்கள் வரிசையில் அதுதான் முதல் கார். “ஆபீசரய்யா வந்துட்டாரு, எழுந்து நில்லுங்க” என்று அப்பா கேலி செய்தாரே தவிர, அன்று பொழுது சாய்கிற வரை அதைச் சுற்றிச் சுற்றி வந்தது அவர்தான். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்துப் பூஜை போட்டோம். அம்மா மஞ்சள் சேர்த்துக் குழைத்துக் கொடுத்த சந்தனத்தை அண்ணன் மூன்று விரலில் தொட்டு, பானெட்டின் நடுவில் ஒரே இழுப்பாக இழுத்தான். மூன்று கோடும் கோணல். சொந்த நெற்றியிலேயே நேராக இட்டுக்கொள்ளத் தெரியாதவன் காருக்கு இட வந்துவிட்டான் என்று அம்மா சிரித்தாள்.

பூஜைச் சந்தனத்தைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது எங்கள் குவார்ட்டர்ஸில் எல்லோரும் கடைப்பிடித்த வழக்கம், சைக்கிளுக்குக்கூட அப்படித்தான். சித்திரை வெயிலில் அது காய்ந்து, வெடித்து, பொடிப்பொடியாக உதிர்ந்தபோது, அடியில் சிவப்புக்குள் மூன்று மங்கலான கோடுகள் தங்கிவிட்டிருந்தன. பழைய பெயின்ட், சந்தனத்தைக் குடித்துவிட்டது.

அந்த வருஷ மழைக்காலத்தில் அண்ணன் காய்ச்சல் என்று படுத்தான். பிறகு எழுந்திருக்கவே இல்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு வரவில்லை.

கார், வாசலுக்கு எதிரே தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றது. அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. விற்றுவிடு என்று சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. காலையில் பால் வாங்கிக்கொண்டு வரும் அம்மா, அதன் அருகே நின்று, பானெட்டில் அந்தக் கோடுகளின் மேல் தன் மூன்று விரல்களை வைத்து, ஒரு முறை மெதுவாக இழுப்பாள். ஜன்னல் வழியே பார்த்த நான், தூசி எவ்வளவு என்று பார்க்கிறாளாக்கும் என்று நினைத்தேன். அவன் சட்டைகளை உறவுக்காரர்கள் எடுத்துத் தானம் கொடுத்தாயிற்று, போட்டோவில் இருந்தது முகம் மட்டும். அவன் கை பட்டது பட்டபடி மிச்சமிருந்தது அந்த மூன்று கோடுகள்தான். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவிடம்கூட.

அப்பாவுக்கோ வேறொரு எண்ணம் விழுந்துவிட்டது. முதல் வருஷ திவசத்துக்குள் பையன் காரைப் புதுக் கார் மாதிரி நிறுத்திவிட வேண்டும். கடைத்தெருவில் காம்பவுண்டு ஒரு டப்பா, ‘வேக்ஸ்’ ஒரு டப்பா வாங்கிவந்தார். மேலே இருந்த ஆங்கிலத்தை நான்தான் படித்துச் சொன்னேன்: காம்பவுண்டு கீறலைத் தேய்த்து எடுக்க, கொஞ்சமாகப் போட்டு லேசாகத் தேய்க்க வேண்டும், வேக்ஸ் அதற்கு மேல் பூச, நிழலில் வைத்து மெல்லிசாகத் தடவி, வெளுத்ததும் துடைக்க வேண்டும். “நீ பொறக்கறதுக்கு முன்ன இருந்து மெருகு போட்டுக்கிட்டிருக்கேன்” என்று சொல்லிவிட்டுக் காம்பவுண்டைக் கை நிறைய அள்ளினார். எனக்கு இடது பின்கதவையும் வேக்ஸ் டப்பாவையும் கொடுத்தார்.

முதல் வாரம் நான் பூசிய பூச்சில் கதவு சுண்ணாம்பு அடித்த சுவர் போல ஆயிற்று; துடைக்கத் துடைக்கத் திட்டுத் திட்டாக நின்றது. கொஞ்சம் கொஞ்சமாகக் கை பழகி, பழைய பனியன் துணியால் துடைத்தபோது அதில் என் முகமும் மரக்கிளையும் தெரிந்தன. அண்ணன் போன பிறகு எனக்குச் சந்தோஷமாக இருந்தது அன்றைக்குத்தான்.

அப்பாவின் துணியில் மட்டும் வாராவாரம் சிவப்பு ஏறியது. அம்மா அந்தத் துணிகளை அலசினால் பக்கெட் தண்ணீர் முழுக்கச் சிவந்துபோகும். “சாயம் போகுதுங்க” என்றாள் அவள். அழுக்கு என்றார் அவர். பித்தளையில் கறுப்பாக வருவது இதில் சிவப்பாக வருகிறது, அவ்வளவுதான் என்று விளக்கமும் சொன்னார். தேய்க்கத் தேய்க்க உள்ளேயிருந்து வெளிச்சம் வரும் என்று ஆயுசு பூராவும் நம்பிய மனிதருக்கு, மேலே இருப்பது மெல்லிய ஒரு பூச்சுதான், அதற்கு உள்ளே ஒன்றும் இல்லை என்பது எப்படித் தோன்றும்?

திவசத்துக்கு முந்தின நாள் காலை, அம்மா பாலுக்குப் போயிருந்த நேரத்தில், கடைசிக்கென்று விட்டுவைத்திருந்த பானெட்டின் நடுப்பகுதிக்கு அப்பா வந்தார். புதுக் காரில் கறை இருக்கலாமா? அவருக்கு அது கறை. லேசில் போகாத கறை என்பதால் முழங்கையை ஊன்றித் தேய்த்தார்.

அம்மா வந்தாள். வழக்கம்போல மூன்று விரல்களை நீட்டியவள் அப்படியே நின்றாள். கோடுகள் இருந்த இடத்தில் பெயின்ட் போய், உள்ளங்கை அகலத்துக்கு அடிப்பூச்சின் சாம்பல் நிறம் தெரிந்தது.

“இங்க அவன் கை இருந்துச்சே” என்றாள்.

கறையைத்தானே எடுத்தேன் என்று சொல்லவந்த அப்பா, பாதியில் நிறுத்திக்கொண்டார். கையிலிருந்த துணியைப் பார்த்தார். பிறகு டயருக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அம்மா பாலை எடுத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பில் வைத்தாள்.

திவசம் முடிந்த பிறகு, கள்ளிக்குப்பத்திலிருந்து பெயின்டர் ஒருவரை அப்பா அழைத்துவந்தார். அவர் காரைச் சுற்றிவந்து, விளிம்பெல்லாம் சாம்பல் தெரிவதைத் தடவிப் பார்த்தார். “இன்னா நைனா இப்டி பண்ணி வச்சிக்கீறே. இது இன்னா பித்தளையா? மேல ஒரு தோலு, அவ்ளோதான். அத்தயும் உரிச்சிட்டே” என்றார். பூராவும் புதிதாக அடித்துவிடலாம் என்றும் சொன்னார். நடுவில் மூன்று கோடு இருந்தது, அதை அப்படியே கொண்டுவர முடியுமா என்று அப்பா கேட்க, அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெயின்ட் அடிக்கும் பேச்சு அத்தோடு நின்றது.

சில நாள் கழித்து அப்பா தானே சந்தனம் குழைத்து, சாம்பல் திட்டின் மேல் மூன்று கோடு இழுத்து வெயிலில் விட்டார். வேண்டுமென்றே கோணலாக இழுத்திருந்தார். மறுநாள் காலை அம்மா முந்தானையால் அதை ஒரே துடைப்பாகத் துடைத்தாள். “இது அவன் கை இல்ல” என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு அந்தக் காரைப் பற்றி அவர்கள் இருவரும் பேசி நான் கேட்டதில்லை. சாப்பாடு போடுவாள், மாத்திரை எடுத்துக் கொடுப்பாள்.

அப்பா ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது கார் காயலாங்கடைக்குப் போயிற்று. இழுத்துப் போகையில் என் இடது பின்கதவு ஒன்றுதான் சிவப்பாக இருந்தது. இப்போது அந்த மரம் இல்லை, எங்கள் வரிசையையும் இடித்துவிட்டார்கள். கொரட்டூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன், எனக்கும் கார் இருக்கிறது. இந்தக் காலத்துப் பெயின்டின் மேல் இன்னொரு பூச்சு இருப்பதால் பூஜைச் சந்தனம் உதிர்ந்தால் சுவடே தெரிவதில்லை. வேக்ஸ் மட்டும் நானே போடுகிறேன், விரல் நுனியால், லேசாக. அப்பா போன வருஷம் என் வீட்டில்தான் இறந்தார். பேச்சு நின்ற கடைசி நாட்களில் அவர் வலது கை மட்டும் படுக்கை விரிப்பின் மேல் வட்டம் வட்டமாக ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்து நிறுத்தினாள்.

“போதும்ங்க, விட்ருங்க” என்றாள். “அது அப்பவே போயிடுச்சி.”